பூவின் பெயர் கொண்ட போர்க்கப்பல்

மலாக்கா ஆற்றுவாயில் நிற்கும் அந்த மரக்கப்பலில் ஏறாத தோட்டத்துப் பிள்ளை நம் மாநிலத்தில் இருப்பது அரிது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என்று எந்தப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியாக இருந்தாலும், சுற்றுலா என்றால் முதலில் கோட்டை வாசல், அடுத்து சிவப்புக் கட்டடம், கடைசியில் கப்பல். வாசலில் காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கோவில் படி ஏறுவது போலவே ஏறுவோம். மேல்தளத்தில் வரிசையாக நின்று ஒரு படம். இறங்கியதும் செண்டோல். அவ்வளவுதான் நமக்கும் கப்பலுக்கும் உள்ள பழக்கம்.

அது கடல்சார் அரும்பொருளகம், மலாய் மொழியில் 'மூசியம் சமுத்ரா'. 1994இல் திறக்கப்பட்டது. 36 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், பாய்மர உச்சிவரை 34 மீட்டர் உயரம். பார்க்க மலை மாதிரி இருந்தாலும், மூன்று பூப்பந்துத் திடலை நீளவாக்கில் அடுக்கினால் அதைவிடக் கப்பல் கொஞ்சம் குட்டைதான். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே வடிவில் இருந்த 'ஃப்ளோர் டி லா மார்' என்ற போர்த்துகீசியக் கப்பலின் நகல் இது. பெயருக்குப் பொருள் 'கடல் மலர்'. மல்லிகை, முல்லை என்று பெண் பிள்ளைக்குப் பெயர் வைப்பது போல வைத்திருக்கிறார்கள். செய்ததெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கரையைச் சுட்டது.

சென்ற பள்ளி விடுமுறையில் அக்கா மகனையும் பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். பெரியப்பா புக்கிட் ஆசாஹான் பக்கம் தோட்டத்தில் ஆசாரியாக இருந்தவர். லயத்து வீடுகளுக்குக் கதவு, பால் ஸ்டோருக்குப் பலகை, கோவில் திருவிழாவுக்குத் தேர்ச் சக்கரம் என்று நாற்பது ஆண்டு மரத்தோடு வாழ்ந்தவர். இப்போது ஜாசினில் மகன் வீட்டில் இருக்கிறார். கப்பல் பக்கவாட்டில் கையை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தண்ணியில நிக்கிற வேலை இல்லம்மா, பார்வைக்குச் செஞ்சது" என்றார். பையன் கேட்டான்: "சித்தி, நாம இந்தக் கப்பல்லதான் இந்தியாவிலேர்ந்து வந்தோமா?"

"இல்லடா. தாத்தாவோட அப்பா வந்தது ரஜூலா கப்பல்."

ரஜூலா 1926இலிருந்து 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கும் அந்தப் பெயர் உறவுக்காரர் பெயர் மாதிரி. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மலாக்கா வரலாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் நட்டார், பிறகு புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் நட்டார், ஆள் தேவைப்பட்டது, கங்காணி அழைத்து வந்தார். இந்தக் கதை உண்மைதான். ஆனால் கப்பலில் இருந்து இறங்கி ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடந்தால், ரப்பர் மரத்துக்கு முந்தைய தமிழர்கள் நிற்கும் இடம் வந்துவிடுகிறது. அவர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அத்தனை சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய கதையும் இல்லை.

முதலில் கப்பலின் பணிக் குறிப்பைப் பார்ப்போம். அது ஒரு நோயாளியின் மருத்துவ அட்டை மாதிரி இருக்கிறது.

1502இல் லிஸ்பனில் கட்டினார்கள். சுமார் 400 டன் கொள்ளளவு. அன்றைய போர்த்துகீசியக் கப்பல்களில் இது பெரியது. அதே ஆண்டில் வாஸ்கோ ட காமாவின் உறவினர் எஸ்தேவாவ் ட காமா தலைமையில் இந்தியாவுக்கு முதல் பயணம். மிளகு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மொசாம்பிக் நீரிணையில் ஒழுகத் தொடங்கியது. மொசாம்பிக் தீவில் நிறுத்திப் பழுது பார்த்து ஒருவழியாக 1503இல் ஊர் போய்ச் சேர்ந்தது. 1505இல் முதல் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ டி அல்மெய்டாவின் படையோடு மறுபடி வந்தது. இந்த முறை கப்பல் தலைவர் ஜோவாவ் ட நோவா. திரும்பும்போது அதே கடல், அதே ஒழுக்கு, அதே மொசாம்பிக். மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. 1507இல் வந்த அடுத்த படையின் தலைவர் திரிஸ்தாவ் ட குன்யா, சரக்கை வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டு, இதைப் பழுது பார்த்துத் தன் படையில் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு 'கடல் மலர்' லிஸ்பனைப் பார்க்கவே இல்லை.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நாரை அடைத்துக் கீல் பூசித்தான் மரக்கப்பலைத் தண்ணீர் புகாமல் வைப்பார்கள். நாகப்பட்டினம் பக்கம் அதற்குக் கலப்பத்து என்று பெயர் என்றார். கூடுதல் சரக்கு ஏற்றினால் கப்பலின் உடம்பு முறுக்கிக்கொள்ளும், இடுக்கு வாய் திறக்கும், அடைத்தது உதிரும். போதாக்குறைக்கு வெப்பக் கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு வேறு. புழு என்று பெயரே தவிர அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. இந்தியப் பயணத்துக்குக் கட்டிய கப்பல்களின் ஆயுள் அந்தக் காலத்தில் மூன்று, நான்கு ஆண்டுதான். இது ஒன்பது ஆண்டு ஓடியது.

"எங்க தோட்டத்து லாரி மாதிரி," என்றார் பெரியப்பா. "ஓடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா தினமும் எடுப்பாங்க."

சரக்குக்கு ஆகாத கப்பல் சண்டைக்கு ஆயிற்று. 1507இல் சொகோத்ரா தீவு. அடுத்து அஃபோன்சோ டி அல்புகெர்க்கின் தலைமையில் ஓமான் கரையோரம் குரியாத், மஸ்கட், கோர் ஃபக்கான், பிறகு ஹோர்முஸ். நடந்தது ஒரே முறைதான். ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டு, பணிந்துவிடு என்று ஆள் அனுப்புவது. பதில் பிடிக்காவிட்டால் பீரங்கி. 1509 பிப்ரவரி 3ஆம் தேதி தியு கடற்போரில் இதுவே அல்மெய்டாவின் தலைமைக் கப்பல். எகிப்து, குஜராத், கோழிக்கோடு மூன்றும் சேர்ந்த கடற்படை அன்று சிதறியது. 1510இல் கோவா. கப்பல் தலைவர் ஜோவாவ் ட நோவா அதற்குள் கொச்சியில் இறந்துபோனார், கப்பல் அல்புகெர்க்கின் கைக்கு வந்தது.

1511இல் மலாக்காவை நோக்கிப் புறப்பட்டபோது சுமார் 1,200 பேர், அவர்களில் சில நூறு பேர் மலபார்க்காரர்கள். வழியில் சுமத்ராவுக்கு அருகே ஒரு சம்பவம். எதிரே ஜாவாவின் பெரிய ஜங்கு ஒன்று வந்தது. மறித்துச் சுட்டார்கள். கடல் மலரின் பின்தளம் அந்த ஜங்கின் மேல்தட்டு உயரத்துக்குக்கூட எட்டவில்லை என்று போர்த்துகீசியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கச் சுவர் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு அடுக்குப் பலகை. பெரிய பீரங்கிக் குண்டே இரண்டு அடுக்கைத்தான் துளைத்ததாம். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு சுக்கானை உடைத்துத்தான் அதைப் பணிய வைத்தார்கள். அவர்கள் அதற்கு 'வீரன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நம்முடைய பள்ளிப் பாடத்தில் போர்த்துகீசியக் கப்பல் என்றால் பெரியது, நம் வட்டாரக் கப்பல் என்றால் சிறியது என்று ஒரு படம் மனத்தில் பதிந்துவிடுகிறது. இந்த ஒரு சம்பவம் போதும் அதைத் திருப்பிப் போட.

1511 ஜூலை 1ஆம் தேதி படை மலாக்காவுக்கு எதிரே வந்து நின்றது. இன்று மக்கோத்தா பரேட் கடைத்தொகுதி இருக்கும் இடமெல்லாம் அன்று கடல். கடலை நிரப்பிய நிலம் அது. எனவே கோட்டை வாசலில் நின்றுகொண்டு கடல் எங்கே என்று தேடாதீர்கள். சுட்ட கப்பல்கள் நின்ற இடத்தில் இப்போது நாம் காடியை நிறுத்திவிட்டுப் பசியாறுகிறோம்.

அல்புகெர்க்கின் முதல் கோரிக்கை கைதிகள். 1509இல் தியோகோ லோபஸ் டி செக்கேரா என்பவர் இங்கே வந்தபோது கலகம் ஏற்பட்டு, அவர் தப்பி ஓட, ஏறக்குறைய இருபது போர்த்துகீசியர் நகரத்தில் சிக்கிக்கொண்டனர். அவர்களில் ஒருவர் ரூய் டி அராவ்ஜோ. அவர் 1510 பிப்ரவரி 6ஆம் தேதி சிறையிலிருந்து அல்புகெர்க்குக்கு எழுதிய கடிதம், நகரத்தின் பலம், படை, பீரங்கி எல்லாவற்றையும் சொன்னது. அந்தக் கடிதத்தை வெளியே கொண்டுபோக உதவியவர், சிறையில் இருந்தவர்களுக்குக் கைகொடுத்தவர், மலாக்காவின் தமிழ் வணிகர் ஒருவர்.

போர்த்துகீசிய ஏடுகளில் அவர் பெயர் 'நீனா சத்து'. நீனா என்பது நயினார் என்ற சொல்லின் திரிபு என்பது ஆய்வாளர்களின் கருத்து. சத்து என்பது செட்டியா, சேதுவா என்பதில் இன்னும் இரு கட்சி. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த துணி வணிகச் சமூகத்தின் பெரிய மனிதர் அவர். அப்போது மலாக்காவில் துறைமுகப் பொறுப்பைப் பார்க்க நான்கு ஷாபந்தர்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், நம்மவருக்கும் வங்காளத்தார், பெகுக்காரர்கள் போன்றோருக்கும் ஒருவர், ஜாவா முதலிய தீவுகளுக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர். இந்தத் துறைமுகத்தில் 84 மொழி கேட்கலாம் என்று 1512இல் இங்கே வந்த தோமே பிரெஸ் எழுதினார். அந்த 84இல் தமிழும் ஒன்று, அதுவும் கடைசி வரிசையில் நின்ற மொழி அல்ல.

கப்பல் மேல்தளத்தில் நின்று இதைச் சொன்னபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நம்ம ஆளுதான் காட்டிக் கொடுத்தானா?"

வானொலியில் 'மலாக்காவில் தமிழர் ஐந்நூறு ஆண்டுக்கு மேல்' என்று சொல்லும்போது நேயர்கள் நெஞ்சு நிமிர்த்துவார்கள். இந்தக் கேள்விக்கு நிகழ்ச்சிக்குள் நேரம் ஒதுக்குவது கடினம். ஆனால் கேள்வி நியாயமானது.

எனக்குத் தோன்றும் பதில் இது. அராவ்ஜோ கடிதம் எழுதிய 1510ஆம் ஆண்டு மலாக்காவில் வணிகர் யாரும் நிம்மதியாகத் தூங்கிய ஆண்டு இல்லை. 'செஜாரா மெலாயு' சொல்லும் கதை நமக்குத் தெரியும், ஆனால் அது நம் கதை என்பதைக் கவனிப்பதில்லை. ராஜா மெண்டலியார் என்ற ஷாபந்தர். நம் காதுக்கு முதலியார். நீனா சுரா தேவானா என்ற வணிகத் தலைவர். இருவருக்கும் வழக்கு. நீனா சுரா தேவானா பெண்டஹாரா துன் முத்தாஹிரிடம் பொன்னோடு போகிறார். கித்துல் என்ற கடன்காரன், தான் பட்ட கடன் தீர, முதலியாரிடம் ஓடி 'உங்களைக் கொல்லத்தான் பொன்' என்று பொய் சொல்கிறான். பயந்துபோன முதலியார், பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று லக்சமானா வழியாக அரண்மனைக்குக் கொளுத்திப் போடுகிறார். சுல்தான் மஹ்மூத், பெண்டஹாராவைக் குடும்பத்தோடு கொல்ல ஆணையிடுகிறார். கொல்லப்பட்ட துன் முத்தாஹிரே தமிழ் முஸ்லிம் வழியில் வந்தவர். வழக்காடியவர்கள், பொய் சொன்னவன், செத்தவர் எல்லோருக்கும் வேர் நம் கரைப்பக்கம்.

இப்படிப்பட்ட ஓர் ஊரில், ஒரு வணிகர் சிறையில் இருந்த அந்நியருக்குச் சோறும் கடிதத்துக்குக் கால்களும் கொடுத்தார் என்றால், அது மனிதத்தன்மையா, முன்யோசனையா, துரோகமா என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. வணிகருக்கு எந்த ஆட்சி வந்தாலும் கிடங்கு எரியக்கூடாது. ஆனால் அவருடைய உதவி எங்கே போய் முடிந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. நகரத்தை எங்கே அடித்தால் விழும் என்பது எதிரிக்குத் தெரிந்துவிட்டது. "பாவம்னும் சொல்ல முடியல, பாவின்னும் சொல்ல முடியல" என்றார் பெரியப்பா.

அடிக்க வேண்டிய இடம் பாலம். ஆற்றின் ஒரு கரையில் சுல்தானின் அரண்மனையும் பள்ளிவாசலும், மறு கரையில் உப்பே என்ற வணிகர் பகுதி. நடுவில் ஒரே பாலம். சிவப்புக் கட்டடத்துக்கு எதிரே இன்று தான் கிம் செங் பாலம் இருக்கிறதே, ஏறக்குறைய அதே இடம். அங்கே போய் நின்றால்தான் கப்பல் கதை புரியும். ஆறு எவ்வளவு ஒடுக்கம் என்று பாருங்கள். கடல் மலர் இதற்குள் நுழையவே முடியாது. ஆழமும் போதாது. ஊர் ஊராகச் சுட்டு வந்த தலைமைக் கப்பலுக்கு, மலாக்காவில் செய்யக்கூடியதெல்லாம் தூரத்தில் நின்று கரையோர வீடுகள்மேல் குண்டு போடுவதுதான். அதையும் செய்தது. கரையோரம் எரிந்தது, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் சில எரிந்தன, கைதிகள் விடுவிக்கப்பட்டனர். ஆனால் நகரம் பணியவில்லை. மலாக்காவிடமும் பீரங்கிகள் நிறைய இருந்தன. ஜூலை 25ஆம் தேதி படகுகளில் இறங்கிப் பாலத்தைப் பிடித்தார்கள். அன்று மாலைக்குள் கைவிட்டுத் திரும்பினார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் இந்தக் கதையின் மையம். துறைமுகத்தில் பிடித்த ஓர் உயரமான ஜங்கை எடுத்தார்கள். அதில் பீரங்கிகளை ஏற்றினார்கள். தலைவராக அந்தோனியோ டி அப்ரேயுவைப் போட்டார்கள். அலை ஏறும்போது ஆற்றுக்குள் நகர்த்திப் பாலத்தோடு பாலமாகக் கொண்டு நிறுத்துவது திட்டம். ஜங்கு பாலத்தைவிட உயரம். மேலிருந்து சுட்டால் பாலத்தின் மரத் தடுப்புகளுக்குப் பின்னால் யாரும் நிற்க முடியாது.

நுழையும்போதே மணல்திட்டில் தட்டி நின்றது. பெரிய அலை வரும்வரை பல நாள் காத்திருப்பு. இரவானால் நகரத்தார் விறகும் எண்ணெயும் கீலும் நிறைத்த படகுகளைக் கொளுத்தி, வடியும் நீரில் ஜங்கை நோக்கி விடுவார்கள். போர்த்துகீசியர் சிறு படகுகளில் இருந்து கொக்கிக் கம்பால் அவற்றை விலக்கித் தள்ளுவார்கள். பகலில் இருபக்கமும் துப்பாக்கிச் சூடு. ஒரு குண்டு அப்ரேயுவின் முகத்தில் பாய்ந்து பற்களையும் நாக்கில் ஒரு பகுதியையும் கொண்டுபோனது. அவரை மாற்ற அல்புகெர்க் வேறு ஆளை அனுப்பினார். காலும் கையும் இருக்கும்வரை இடத்தை விடமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டாராம். பேச நாக்கு இல்லாதவர் இதை எப்படிச் சொன்னார் என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஏடுகள் வெற்றி பெற்றவர்கள் எழுதியவை.

ஆகஸ்ட் 10ஆம் தேதி அலை ஏறியது, ஜங்கு நகர்ந்தது, பாலம் விழுந்தது. 24ஆம் தேதிக்குள் நகரமே விழுந்தது. சுல்தான் உள்நாட்டுக்குப் பின்வாங்கினார். ஐரோப்பாவில் கரையைச் சுடுவதற்கென்றே பிற்காலத்தில் சிறு மரக்கப்பல்களைத் தனியாகக் கட்டினார்கள். அவற்றில் ஒன்றான ஆங்கிலேயரின் 'டெரர்' 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர் கோட்டையைச் சுட்டது. அப்படிப்பட்ட கப்பலின் வேலையை 1511இல் மலாக்கா ஆற்றில் செய்தது இந்த வட்டாரத்து ஆசாரிகள் கட்டிய ஒரு வணிக ஜங்கு. அதன் பெயரை ஏடுகளில் நான் பார்த்ததில்லை. ஆற்றுவாயில் நகலாக நிற்பதோ தூரத்தில் நின்று சுட்ட கப்பல்.

நகரம் சூறையாடப்பட்டது. நீனா சத்துவின் வீடுகளைத் தொடக்கூடாது என்று ஆணை. இடித்த பள்ளிவாசல், சுல்தான்களின் கல்லறைகள் ஆகியவற்றின் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். அதன் ஒரு வாசல்தான் இன்று நாம் படம் எடுத்துக்கொள்வது. உப்பேயின் ஜாவா வணிகத் தலைவர் உத்திமுத்தி ராஜா சதி செய்ததாகச் சொல்லிக் கொல்லப்பட்டார். நீனா சத்து இந்துக்களுக்கும் மற்ற வெளிநாட்டு வணிகருக்கும் பெண்டஹாரா ஆனார். அடுத்த ஆண்டே போர்த்துகீசிய அரசோடு கூட்டு முதல் போட்டு மர்த்தபானுக்கு ஜங்கு அனுப்பினார்.

கடல் மலரில் மூட்டை ஏற்றும் வேலை தொடங்கியது. அது ஓட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொள்ளும் அளவு பெரிது என்பதால் எல்லாம் அதில்தான் ஏறியது. அரண்மனைப் பொன், சுல்தான்களின் கல்லறையில் இருந்த வெண்கலச் சிங்கங்கள். அந்தச் சிங்கங்களைத் தன் கல்லறைக்கு வைத்துக்கொள்ள அல்புகெர்க் ஆசைப்பட்டார். பொருள் மட்டும் இல்லை. பூத்தையல் தெரிந்த பெண்கள், சிறுவர் சிறுமியர் எனப் போர்ச்சுகல் அரசிக்குக் காணிக்கையாகப் பலர் ஏற்றப்பட்டனர். புதையல் தேடுவோர் பொன்னின் எடையைத்தான் பேசுவார்கள். எனக்கு இந்தப் பிள்ளைகளின் ஊரும் பெயரும்தான் தெரிந்துகொள்ள ஆசை. மலாக்காவில் எடுத்த பிள்ளைகள் என்றால் அவர்களில் நம் மொழி பேசியவர்களும் இருந்திருக்கலாம்.

கூடவே போன ஒரு ஜங்கில் அறுபது ஜாவா ஆசாரிகள். கொச்சியில் கப்பல் பழுது பார்க்கக் கைதேர்ந்தவர்கள் வேண்டும் என்று அவர்களைக் குடும்பத்தோடு கொண்டுபோனார் அல்புகெர்க். ஒழுகும் கப்பலில் இருப்பவருக்குத்தான் ஆசாரியின் அருமை தெரியும்.

சுமத்ராவின் வடகிழக்குக் கரையோரம், பாசைக்கும் அருவுக்கும் இடையே, புயல் பிடித்தது. 1511 நவம்பர் 20 இரவு என்று பல நூல்கள் குறிக்கின்றன. கடல் மலர் பாறைத்திட்டில் மோதி இரண்டாகப் பிளந்தது. அல்புகெர்க் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவையில் தப்பினார், ஒரு சிறுமியையும் காப்பாற்றியதாக ஏடு சொல்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் போனார்கள். பொன்னும் சிங்கமும் போயின. இன்றுவரை அந்தக் கப்பல் கிடைத்ததாக உறுதியான சான்று இல்லை.

அதே குழப்பத்தில் ஆசாரிகள் தங்கள் ஜங்கில் இருந்த போர்த்துகீசியரை மீறி, கப்பலைக் கைப்பற்றிப் பாசைக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். இதைக் கேட்டதும் பெரியப்பா கைதட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த சீனச் சுற்றுப்பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆசாரி செஞ்ச கப்பலு, ஆசாரி கைக்கே வந்துச்சு பாத்தியா!"

1512 ஏப்ரல் 1ஆம் தேதி அல்புகெர்க் மன்னர் மனுவேலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் வருந்துவது பொன்னுக்காக மட்டும் இல்லை. ஜாவா மாலுமி ஒருவரின் பெரிய வரைபடமும் அந்தக் கப்பலோடு போனது. நன்னம்பிக்கை முனை, பிரேசில், செங்கடல், பாரசீகம், வாசனைத் தீவுகள், சீனர் செல்லும் வழிகள் என அதில் எல்லாம் இருந்தன, தான் பார்த்தவற்றிலேயே சிறந்த படம் என்கிறார். ஜாவா எழுத்தில் பெயர்கள் எழுதியிருந்தன. பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் என்பவர் முன்பே படியெடுத்து வைத்திருந்த ஒரு துண்டு மட்டும் மன்னருக்குப் போனது.

கப்பலை விட்டு இறங்கி, பாலத்தைக் கடந்து, உப்பே இருந்த பக்கம் நடந்தோம். ஜாலான் துக்காங் எமாஸில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோவில். 1781இல் டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் மலாக்கா செட்டிகள் எழுப்பியது. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல். இந்தப் பக்கத்தில்தான் எங்கோ நீனா சத்துவின் வீடு இருந்திருக்க வேண்டும்.

அவர் முடிவு 1514இல். மலாய்க்காரர்களைத் தங்கள் பக்கம் இழுக்க நினைத்த போர்த்துகீசியர், பெண்டஹாரா பதவியை அவரிடமிருந்து பறித்து கம்பாரின் ராஜா அப்துல்லாவுக்குக் கொடுத்தார்கள். மரியாதை போன பிறகு இருப்பதில்லை என்று முடிவு செய்தார் நீனா சத்து. நகரத்தார் பார்க்க, வாசனைக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டச் செய்து, நல்ல உடை உடுத்தி, தான் செய்த உதவியையும் அதற்குக் கிடைத்த கைம்மாறையும் சொல்லிவிட்டு அதில் இறங்கினார் என்று எழுதி வைத்தவர்களும் போர்த்துகீசியர்களே. பதவியை வாங்கிய ராஜா அப்துல்லா மறு ஆண்டே சந்தேகத்தின் பேரில் அவர்கள் கையாலேயே தலை இழந்தார்.

பையன் களைத்துவிட்டான். செண்டோல் கேட்டான். வாங்கிக் கொடுத்துக்கொண்டே, ஜாசின் பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். பெரியப்பா கோவில் வாசல் நிலைக்கதவின் மரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது செங்கால்ம்மா," என்றார். "பழைய மரம். இன்னும் புழு எட்டல."